சிர்க்கோனியம்: சூட்டில் அடுக்கு மாறும் உலோகம்

சிர்க்கோனியம் என்ற மூலகம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இலங்கைக் கல்லில்தான். 1789இல் பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் இங்கிருந்து போன சிர்க்கோன் கற்களைப் பகுத்து ஆராய்ந்து, அவற்றில் ஒரு புதிய மூலகத்தின் ஒட்சைட்டைக் கண்டார். ஹற்றனும் நுவரெலியாவும் அமர்ந்திருக்கும் பழம்பாறைகளிலும் இந்தக் கனிமம் பொடி மணிகளாகக் கிடக்கிறது. பாறை உக்கி ஆற்றோடு போனாலும் சிர்க்கோன் எளிதில் அழியாது. புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்று, உரூத்தைல் ஆகியவற்றோடு இதுவும் அள்ளப்பட்டு ஏற்றுமதியாகிறது.

இந்தக் கனிமத்திலிருந்து எடுக்கும் உலோகம் அணு உலைகளுக்கு வேண்டியது. இலங்கையில் அணு மின்னுலை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இதன் பயணத்தின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். மணவாளக்குறிச்சி மணலில் சிர்க்கோன் பிரிக்கப்படுகிறது. தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் சிர்க்கோனிய உலோகம் எடுக்கும் ஆலை இருக்கிறது. கல்பாக்கம் உலைகளில் அந்த உலோகம் குழாயாக வேலை செய்கிறது. இடையில் ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் குழாய்களைச் செய்து தருகிறது. உலைக்கு இந்த உலோகம் வேண்டியிருப்பதற்குக் காரணம், அது நியூத்திரன்களை அநேகமாக விழுங்குவதில்லை என்பதே. கனிமத்தில் அதனோடு கூடவே இருக்கும் ஹாப்னியம் என்ற மூலகமோ ஏறத்தாழ 600 மடங்கு விழுங்கும். ஆகவே அதை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும்.

சாதாரண வெப்பநிலையில் சிர்க்கோனிய அணுக்கள் அறுகோண அடுக்கில் நெருங்கி நிற்கின்றன. இது அல்பா அவத்தை. ஏறத்தாழ 863 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அதே அணுக்கள் மையத்தில் ஓர் அணுவைக் கொண்ட கனசதுர அடுக்குக்கு மாறுகின்றன. இது பீற்றா. உலோகம் உருகுவதில்லை, திண்மமாக இருந்தபடியே உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. வெள்ளீயமும் ஒட்சிசனும் அல்பாவை நிலைக்க வைக்கும். நயோபியம் பீற்றாவை ஆதரிக்கும்.

குழாய் செய்பவர்கள் இந்த மாற்றத்தைக் கருவியாகவே கையாளுகிறார்கள். சிர்க்கலோய் என்ற கலப்புலோகத்தில் வெள்ளீயம் சுமார் ஒன்றரை வீதம்; இரும்பும் குரோமியமும் மிகச் சிறிதளவு. இவ்விரண்டும் பீற்றாவில் நன்றாகக் கரையும், அல்பாவில் அநேகமாகக் கரையாது. கட்டியை 1000 பாகைக்கு மேல் சூடாக்கிச் சட்டென நீரில் அமிழ்த்தினால், அவை திரண்டு கொள்ள நேரமில்லாமல் நுண்துகள்களாகப் பரவி நிற்கும். பின்னாளில் குழாய் எவ்வளவு அரிக்கப்படும் என்பதில் இத்துகள்களின் அளவுக்குப் பெரும் பங்குண்டு. இப்படிச் சட்டெனக் குளிரும்போது அணுக்கள் கூட்டமாக நகர்ந்து அடுக்கு மாறும் விதத்தை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஸ்ரீகுமார் பானர்ஜி முக்கியமானவர். பின்னர் இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவரான அவர், முகோபாத்யாயவுடன் சேர்ந்து இத்துறைக்கென எழுதிய தடித்த நூல் 2007இல் வெளியானது.

அவத்தை மாற்றம் என்றதும் பெருஞ்சூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் குழாயின் ஆயுளைத் தீர்மானித்தது 300 பாகைக்கும் கீழே ஓசையின்றி நடக்கும் வேறொரு மாற்றம். நீரோடு வினைபுரியும்போது குழாய் சிறிது ஐதரசனை உள்வாங்குகிறது. சூட்டில் அது உலோகத்துக்குள் கரைந்திருக்கும்; குளிர்ந்தால், ஆறிய சீனிப்பாகில் கற்கண்டு பிரிவதுபோல, ஐதரைட்டாகப் பிரியும். மெருகேற்றிய வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கரிய கீற்றுகளாகத் தெரிவது அதுதான். கீற்றுகள் குழாயின் சுற்றளவோடு ஒட்டிப் படுத்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. சுவரைக் குறுக்கே ஊடுருவி நின்றால் வெடிப்புக்கு அதுவே வழி.

1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்து இரண்டாம் உலையில் சிர்க்கலோய்-2 குழாயொன்று ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. இந்த உள் குழாயையும் அதைச் சூழும் வெளிக் குழாயையும் விலக்கி வைக்கும் சுருள்வளையங்கள் இடம் நகர்ந்ததால் இரண்டும் தொட்டுக்கொண்டன. தொட்ட இடம் குளிர்ந்தது. ஐதரசன் அங்கே குவிந்து கொப்புளமாயிற்று. கல்பாக்கத்தின் முதலிரு உலைகளிலும் இருந்தது அதே கலப்புலோகம். 2000களின் முதற்பாதியில் ஒவ்வோர் உலையிலும் 306 குழாய்களையும் கழற்றி, இரண்டரை வீத நயோபியம் சேர்ந்த புதிய குழாய்களைப் பொருத்தினார்கள்.

புதிய கலப்புலோகத்துக்கும் அதற்கேயான கணக்கு உண்டு. சுமார் 800 பாகையில், இரு அவத்தைகளும் சேர்ந்திருக்கும்போதே, அது குழாயாகப் பிதுக்கப்படுகிறது. ஆறியபின் நீண்ட அல்பா மணிகளுக்கிடையே பீற்றா மெல்லிய படலமாக எஞ்சும். ஐதரசன் அப்படலத்தின் வழியே விரைவாக ஓடும். உலையில் ஆண்டுக்கணக்காக இருக்கையில் பீற்றா மெல்லச் சிதைந்து, ஒமேகா என்ற மூன்றாவது அவத்தை தோன்றுகிறது. படலம் அறுபட அறுபட ஐதரசனின் ஓட்டமும் தளர்கிறது. மூப்பு நன்மை செய்யும் அபூர்வமான இடம் இது.

பெருஞ்சூடு விபத்தில்தான் வரும். குளிர்நீர் இழந்து, எரிபொருளைப் பொதிந்திருக்கும் சிர்க்கோனியக் கலப்புலோக உறை 800 பாகையைக் கடந்தால் அல்பா பீற்றாவாக மாறத் தொடங்கும். அதேவேளை நீராவியிலிருந்து ஒட்சிசன் புகுந்து, மேற்பரப்பை ஒட்டிய பகுதியை நொறுங்கும் அல்பாவாகவே நிறுத்திவிடும். அதனால்தான் அமெரிக்க விதிகள் உறையின் வெப்பநிலைக்கு 1204 பாகை என்ற எல்லையை வகுத்தன. 2011இல் புகுஷிமாவில் வெடித்த ஐதரசன், பெரும்பாலும் சிர்க்கோனியம் நீராவியோடு வினைபுரிந்ததில் பிறந்தது. அதன்பின் உறைமேல் குரோமியம் பூசிச் சோதித்து வருகிறார்கள். பூச்சு ஒட்சிசனைத் தடுக்கும். ஆனால் 1330 பாகை அளவில் குரோமியமும் சிர்க்கோனியமும் சேர்ந்து உருகத் தொடங்கிவிடும்.