குழுவை நடத்திச் செல்லுதல்

தனியே நடப்பவர் தம் கால்களின் வலிமையை அறிந்தால் போதும். குழுவை நடத்திச் செல்பவரோ பிறர் வலிமையையும் அறிதல் வேண்டும். மலையும் காடும் காணக் கூட்டமாய்ப் புறப்படுவோர்க்குத் தலைமை தாங்குபவர் கருத்திற் கொள்ளவேண்டிய கடமைகள் சில உள.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைக்கின்றது. வழுக்கும் பாறைகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகிய இடர்கள் அதில் முன்கூட்டியே உணர்த்தப்படுகின்றன. இன்றைய தலைவர்க்கும் இதுவே முதற்கடமையாகும். அவர் அவ்வழியை முன்னரே ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று.

அடுத்து, காலத்தைக் கணக்கிடல் வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் நெய்ஸ்மித் என்பார் 1892-ஆம் ஆண்டில் இதற்கொரு முறை வகுத்தார். அதன்படி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆகும். 600 மீட்டர் உயரம் ஏறுவதாயின் மேலும் ஒரு மணி நேரம் கூட்டுதல் வேண்டும். எனவே 10 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற 3 மணி நேரம் ஆகும். உண்ணவும் இளைப்பாறவும் வேண்டிய காலத்தை இதனுடன் சேர்த்து, பொழுது சாயுமுன் திரும்புமாறு புறப்படுக.

மெல்ல நடப்பவரைக் குழுவின் முன்னே நிறுத்துதல் வேண்டும். அவர் பின்தங்கினால், முன்சென்றோர் அமர்ந்து காத்திருப்பர். அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பர். ஓய்வு மிகுதியும் வேண்டியவர்க்கே ஓய்வு இல்லாமற் போகும். நம்பிக்கைக்குரிய ஒருவர் எல்லார்க்கும் கடைசியில் வருதல் வேண்டும். வழி பிரியும் இடந்தோறும் ஆட்களை எண்ணுதல் இன்றியமையாதது.

விரைந்தோடும் இளைஞனைப் பலர் முன் கடிதல் ஆகாது. மருந்துப்பெட்டியை அவனிடம் ஒப்படைத்து உடன்வரச் செய்க. பொறுப்பு அவனை நிதானமாக்கும். ஓயாது முறையிடுபவரை எள்ளுதலும் தகாது. அவர் காலில் கொப்புளம் எழுந்திருக்கலாம். அதனை உடனே கவனித்தால், பின்னர் அவரைச் சுமந்து செல்ல நேராது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலைநடைக்கு விதிகளை வகுத்தது. வனத்துறையின் இசைவு பெறாமல் காட்டினுள் நுழைதல் கூடாது. புல் காய்ந்து கிடக்கும் கோடையில் மலைச்சரிவுகளில் தீ மிக விரைந்து மேலேறும் என்பதையும் மறத்தலாகாது.

இடர் தோன்றின் பாதி வழியில் திரும்புதல் இழிவன்று. உச்சி எங்கும் போய்விடாது. மற்றொரு நாள் ஏறலாம். புறப்பட்டோர் அனைவரையும் குறைவின்றி வீடு சேர்ப்பவரே நல்ல தலைவர் ஆவார்.