மூன்று மணிக்கே போய்ச் சேருங்கள்: ஜப்பானின் மலையூர் விடுதியில் ஓர் இரவு

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர், ஓர் இரவாவது நகரத்து ஹோட்டலை விட்டு விலகி, மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ இருக்கும் பழைய பாணி விடுதியில் தங்க ஆசைப்படுவார்கள். அந்த விடுதிக்கு 'ரியோக்கான்' என்று பெயர். முன்பதிவு செய்ய உட்கார்ந்ததுமே குழப்பம் தொடங்கிவிடும். படத்தில் அறை இருக்கிறது, கட்டிலைக் காணோம். கட்டணம் அறைக்கு இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறது. சாப்பாட்டில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. போதாததற்கு, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்ற கேள்வி வேறு.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். ஹோட்டலில் நாம் காசு கொடுப்பது அறைக்கு. ரியோக்கானில் காசு கொடுப்பது ஒரு சாயங்காலத்துக்கும் மறுநாள் காலைக்கும். குளியல், சாப்பாடு, தூக்கம், ஜன்னலில் தெரியும் மலை எல்லாம் அந்த நேரத்துக்குள் வரிசையாக அமைந்திருக்கும். இது பிடிபட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

சாலையும் வெந்நீர் ஊற்றும்

ரியோக்கானுக்கு வேர் இரண்டு. ஒன்று, வெந்நீர் ஊற்று. எரிமலைகள் நிறைந்த நாடு என்பதால் மலைகளில் எங்கு பார்த்தாலும் சுடுநீர் ஊறுகிறது. அதில் குளிக்க வந்தவர்களுக்காக எழுந்த விடுதிகள் மிகப் பழையவை. யமனாஷி மாநிலத்து மலைக்குள் இருக்கும் 'கெய்உன்கான்' என்ற விடுதி கி.பி. 705-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது.

இன்னொன்று, நெடுஞ்சாலை. 1603 முதல் 1868 வரை நீண்ட எதோ காலத்தில், சிற்றரசர்கள் குறிப்பிட்ட காலம் தலைநகரில் வந்து தங்கியே ஆக வேண்டும் என்று ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி 1635-இல் கட்டாயமாக்கியது. எதோ என்பது இன்றைய டோக்கியோ. பரிவாரங்களோடு நூற்றுக்கணக்கானவர்கள் நடந்து போன சாலைகளில், ஒரு நாள் நடைக்குள் எட்டும் தொலைவுகளில் தங்கல் ஊர்கள் வளர்ந்தன. கடலோரமாகச் சென்ற தோக்காய்தோ சாலையில் 53, மலைவழியாகச் சென்ற நகசெந்தோ சாலையில் 69. சிற்றரசர்களுக்குத் தனி மாளிகை இருந்தது. சாதாரண வழிப்போக்கர் 'ஹத்தாகோ' என்ற விடுதியில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத் தங்கினார். கையில் காசு குறைந்தவருக்கு இன்னொரு வகை விடுதி இருந்தது. அங்கே விறகுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, கொண்டுபோன அரிசியைத் தானே பொங்கிக்கொள்ளலாம். 'ஓர் இரவு, இரண்டு வேளை' என்ற ஹத்தாகோ வழக்கம்தான் இன்றைய ரியோக்கான் கட்டணத்திலும் தொடர்கிறது.

அந்தச் சாலையை இன்றும் பார்க்க வேண்டுமென்றால் கிசோ பள்ளத்தாக்குக்குப் போகலாம். நகசெந்தோவின் 42-ஆவது தங்கல் ஊர் த்ஸுமாகோ, 43-ஆவது மாகோமே. இரண்டுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் காட்டுப்பாதை. நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். 1911-இல் ரயில் வந்ததும் நடந்துபோக ஆள் இல்லாமல் இந்த ஊர்கள் ஓய்ந்துபோயின. பழைய வீடுகள் இடிபடாமல் நின்றதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம். பிறகு ஊர்க்காரர்களே விழித்துக்கொண்டார்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று த்ஸுமாகோ மக்கள் 1971-இல் தங்களுக்குள் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அங்கே மின்கம்பிகள் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருக்கின்றன. பகல் நேரத்தில் முக்கியத் தெருவுக்குள் கார் நுழைய முடியாது.

இங்கே தங்க இடம் தேடும்போது 'மின்ஷுக்கு' என்ற சொல்லும் எதிர்ப்படும். அது குடும்பத்தார் தங்கள் வீட்டையே விடுதியாக நடத்துவது. கட்டணம் குறைவு, குளியலறையும் கழிப்பறையும் பொதுவாக இருக்கும், படுக்கையை நாமே விரிக்க வேண்டியிருக்கலாம். மற்ற நடைமுறைகள் பெரும்பாலும் ரியோக்கான் போலத்தான்.

ஒரே அறை, மூன்று வேலை

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடுதலாக இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். நடைபாதையில் போட்டுக்கொள்ளக் கொடுக்கும் செருப்பை அறை வாசலில் விட்டுவிட வேண்டும். கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. அதோடு வெளியே நடந்துவிடக் கூடாது.

அறையின் தரை முழுக்கத் 'தத்தாமி'. இகுசா என்ற ஒருவகைக் கோரையால் நெய்து, உள்ளே வைக்கோல் வைத்துத் தைத்த தடித்த பாய். ஒரு பாய் ஏறத்தாழ ஆறடி நீளம், மூன்றடி அகலம். அறையின் அளவையே ஆறு பாய், எட்டுப் பாய் என்றுதான் சொல்வார்கள். சக்கரம் வைத்த பெட்டியை இதன் மேல் உருட்டினால் கோரை கிழியும், தூக்கிக்கொண்டு போங்கள். சுவரோரம் சற்று உயர்ந்த ஒரு மாடம் இருக்கும், ஓர் ஓவியச் சுருளும் ஒரு பூஞ்சாடியும் வைத்து. அது 'தொக்கோனோமா', அறையின் மரியாதைக்குரிய இடம். பெட்டி வைக்க வசதியாகத் தோன்றும், வைக்கக் கூடாது.

பிற்பகலில் அந்த அறை வரவேற்பறை. தாழ்ந்த மேசையில் பச்சைத் தேநீரும் ஒரு சிறு இனிப்பும் காத்திருக்கும். பல விடுதிகளில் இரவு அதே மேசையில்தான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மேசை ஓரத்துக்குப் போகும், சுவர் அலமாரியிலிருந்து மெத்தை இறங்கும், அறை படுக்கையறை ஆகும். கட்டில் இல்லாததன் காரணம் இதுதான். விடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்து, படுத்த இடத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்ட நம் பழைய கூடத்தை நினைத்துக்கொண்டால் சட்டென்று விளங்கும்.

அலமாரியில் மடித்து வைத்திருக்கும் பருத்தி அங்கிக்கு 'யுகாத்தா' என்று பெயர். குளிக்கப் போகவும் சாப்பிடவும் தூங்கவும் அதுவே உடை. உடுத்தும்போது வலப்பக்கத் துணி உள்ளே போக, இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி

மலை தெரியும் அறை என்று கூடுதலாகக் காசு கொடுத்து எடுத்தவர்கள் பெரும்பாலும் ஜன்னலருகே நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த அறைகள் நிற்பவரின் கண்ணுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டமே தச்சருக்குக் கணக்கு.

பழைய விடுதிகளில் காகிதம் ஒட்டிய சட்டக் கதவு ஒன்றைக் கவனியுங்கள். 'பனி பார்க்கும் ஷோஜி' என்று அதற்குப் பெயர். கதவின் கீழ்ப்பாதியை மட்டும் மேலே தூக்கலாம். உள்ளே கண்ணாடி இருக்கும். நிற்கும்போது வெறும் காகிதம்தான் தெரியும். தத்தாமியில் அமர்ந்ததும் தோட்டமும், அதில் விழும் பனியும், குளிர் உள்ளே வராமலே கண்ணெதிரே விரியும். தொலைவில் நிற்கும் மலையைத் தோட்டத்தின் பின்சுவர் போல இணைத்து அமைப்பதற்கு 'கடன் வாங்கிய காட்சி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் இரண்டு நாற்காலியும் ஒரு சிறு மேசையும் போட்ட குறுகலான இடம் ஒன்றும் பல அறைகளில் உண்டு. மூன்று மணிக்கு வந்துவிட்டால் வெளிச்சம் மங்கி மலை கறுப்பது வரை அங்கேயே இருக்கலாம். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு வந்தால் இருட்டுத்தான் மிச்சம்.

குளியல்

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குளியல். சுடுநீர் ஊற்றுக்கு 'ஒன்சென்' என்று பெயர். ஊறும் இடத்தில் நீர் குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் சூட்டோடு இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தாதுக்களில் ஒன்றாவது உரிய அளவில் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. தொட்டியில் நீர் பொதுவாக 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரமே இறங்க வேண்டும்.

தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்க அல்ல. சுவரோரச் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்த பிறகே இறங்க வேண்டும். உடையோடு இறங்க முடியாது. சிறு துண்டையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. ஆனால் இரண்டு பகுதியும் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று இரவோடு இரவாக வாசல் திரைகளை மாற்றிவிடும் விடுதிகள் உண்டு. நேற்று போன பக்கம்தானே என்று காலையில் நுழைந்துவிடாதீர்கள். கூச்சமாக இருந்தால், குடும்பத்துக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளும் குளியலறை உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் பொதுத் தொட்டிக்குள் விடமாட்டார்கள். அவர்களுக்கும் இதுதான் வழி.

கிசோ பகுதியில் சில தொட்டிகள் ஹினோகி மரத்தால் ஆனவை. எதோ காலத்தில் இந்தக் காட்டில் ஹினோகி வெட்டினால் மரத்துக்கு ஒரு தலை போகும் என்ற அளவுக்குக் காவல் இருந்தது. வெந்நீர் பட்டதும் அந்த மரம் விடும் வாசனையை ஒரு முறை முகர்ந்தால் அந்தக் காவலின் அருமை புரியும்.

வரிசையாக வரும் சாப்பாடு

உணவுப் பட்டியல் இல்லாததற்குக் காரணம், அன்றைக்கு மலையிலும் ஆற்றிலும் கிடைப்பதை வைத்துச் சமையற்காரர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். இதற்குக் 'காய்செகி' என்று பெயர். முதலில் ஒரு வாய் அளவில் சில தொடுகறிகள், பிறகு தெளிந்த சூப், பச்சை மீன் துண்டுகள், சுட்டது, வேகவைத்தது, வறுத்தது என்று சிறு சிறு பாத்திரங்களில் வரும். சோறு கடைசியில்தான், மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப்போடும் ஊறுகாயோடும். சோறு வந்துவிட்டால் விருந்து முடிகிறது என்று பொருள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தானே என்று எண்ண வேண்டாம். முடிக்கும்போது வயிறு நிறைந்திருக்கும்.

மலைப்பகுதியில் ஓடை மீனைச் சுடும் முறையைப் பாருங்கள். உடம்பு அலைபோல வளையும்படி மீனைக் குச்சியில் கோத்து, வாலிலும் துடுப்பிலும் உப்பை அப்பிச் சுடுகிறார்கள். தட்டில் வரும்போது மீன் இன்னும் நீரை எதிர்த்து நீந்துவது போலவே இருக்கும். உங்கள் முன்னால் கைப்பிடி அளவு அடுப்பு ஒன்றும் வைக்கப்படலாம். பணியாளர் அடியில் உள்ள எரிபொருள் கட்டியைப் பற்றவைத்துவிட்டுப் போவார். கட்டி எரிந்து சுடர் தானாக அணையும்போது மேலே உள்ள கறி பதமாக வெந்திருக்கும். கடிகாரம் பார்க்க வேண்டாம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான 'தாஷி' என்ற சாறு, பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் போட்டு எடுப்பது. காய்கறிக் கூட்டிலும் மிசோ சூப்பிலும் அது இருக்கும். கடற்பாசியிலும் காளானிலும் எடுத்த தாஷியில் சமைக்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்க வேண்டும். போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் பசி. முழுச் சைவமே வேண்டுமென்றால் வகயாமா மாநிலத்துக் கோயாசான் மலையில் தங்கலாம். அங்குள்ள 117 புத்த மடங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவை யாத்திரிகர்களைத் தங்கவைக்கின்றன. புலால் இல்லாத மடத்துச் சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவு சேர்த்துக் கிண்டிய எள் கட்டி அங்கே தனிச் சுவை.

முன்பதிவில் கவனிக்க வேண்டியவை

இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ரியோக்கான் கட்டணம் ஆளுக்குச் சுமார் 15,000 யென்னிலிருந்து தொடங்கும். பெயர்பெற்ற இடங்களில் பல மடங்கு ஏறும். மின்ஷுக்கு இதைவிட மலிவு. ஒன்சென் ஊர்களில் பொதுவாக 150 யென் குளியல் வரி உண்டு. அன்பளிப்புப் பணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. உங்கள் பேரில் காயும் மீனும் வாங்கியாகிவிட்டது என்பதால், வருகிற நாளன்று ரத்து செய்தால் முழுத் தொகையையும் கேட்கக்கூடும்.

வருகை பொதுவாகப் பிற்பகல் 3 மணி, புறப்பாடு காலை 10. சாப்பாடு மாலை ஆறு, ஆறரைக்கு. ரயில் தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அங்கே உங்களுக்கென்று ஒரு சூப் சூடு ஆறிக்கொண்டிருக்கும். பயணத் திட்டத்தில் அன்றைக்கு வேறு எதையும் திணிக்காதீர்கள். நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு எட்டு மணிக்குத் தூங்க மட்டும் வருவதாக இருந்தால் ஹோட்டலே நல்லது.

காலையில் சோறு, சுட்ட மீன், முட்டைச் சுருள், மிசோ சூப் என்று மறுபடி வரிசை. பிறகு யுகாத்தாவைக் கழற்றிவைத்து நம் உடைக்கு மாறி வாசலுக்கு வருவோம். நேற்று உள்ளே பார்த்தபடி அவசரமாகக் கழற்றிப் போட்ட காலணிகள், இப்போது வெளியே பார்த்தபடி ஜோடியாகத் திரும்பி நிற்கும். குனியாமல், திருப்பாமல், அப்படியே கால்நுழைத்து நடக்கலாம்.