மெஷின் போடும் முன் மூன்று புத்தகம்



டிப்ளமோ முடிச்சதும் 'சொந்தமா நாலு மெஷின் போடணும்' என்று நம்மில் பாதிப் பேர் சொல்கிறோம். அதற்கு முன் எதைப் படிப்பது?

முதலாவது, டாய்ச்சி ஓனோ எழுதிய 'டொயோட்டா புரொடக்‌ஷன் சிஸ்டம்'. ஜப்பானிய மொழியில் 1978-லும், ஆங்கிலத்தில் 1988-லும் வந்தது. கார் கம்பெனி புத்தகம் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். அதன் வேர் தறியில் இருக்கிறது! சாக்கிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம்ம நிட்டிங் மெஷினும் அப்படித்தானே நிற்கிறது? பிழையை அது பிறந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கடைசி செக்கிங் வரை தள்ளினால் பீஸ் மொத்தமும் வேஸ்ட்.

இரண்டாவது, ஷரத் சாரியின் 'ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்' (2004). நம்ம திருப்பூரைப் பற்றியது. காட்டு வேலையிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் முதலாளியான கதை. உழைப்போடு சாதியும் சொந்தபந்தமும் எப்படிக் கைகொடுத்தன என்றும் காட்டுகிறது. ஆங்கிலம் கொஞ்சம் கடினம்; டிக்‌ஷனரி பக்கத்தில் வேணும்.

மூன்றாவது, எங்கப்பாவின் சிட்டை. ஓவர்லாக் டெய்லரான அவர் நாலு மெஷின் வாங்கி ஜாப் ஒர்க் எடுத்தார். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆகணும். பில் பணமோ மூணு மாசம் கழித்துத்தான் வரும். இரண்டே வருஷத்தில் மெஷின்களை விற்றார். போன லீவில் அந்தச் சிட்டையைக் கூட்டிப் பார்த்தேன். லாபம் இருந்திருக்கிறது, கையில்தான் காசு இல்லை! அன்று அதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் படித்தவர் யாருமில்லை.

இன்று நான் இருக்கிறேன். உங்கள் வீட்டுச் சிட்டையையும் எடுத்துப் பாருங்கள், நண்பர்களே!