2,048 பைட்டுக்குள் எத்தனை முன்னேஸ்வரம்? தெரியுமா?

'முன்னேஸ்வரம்' என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிவைக்க ஒரு குட்டிச் சிப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும், தெரியுமா? 37 பைட்! நம் கண்ணுக்கு ஏழே எழுத்து. யுனிகோட் கணக்கில் மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் குறி தனி. ஆக 12 குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்றால் 36. சொல் முடிந்ததைக் காட்ட ஒரு பூச்சியம் சேர்த்தால் 37. ஆங்கில எழுத்தில் எழுதினால் 12 பைட்டோடு வேலை முடிந்துவிடும்!

பிள்ளைகள் முதன்முதலில் கையில் எடுக்கும் ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டின் வேலை நினைவகம், அதாவது ரேம், மொத்தமே 2,048 பைட். கைபேசியில் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தைக்கூட அதில் வைக்க முடியாது. வேறெதுவும் செய்யாமல் ஊர்ப்பெயரை மட்டும் அடுக்கினால் 55 முறை எழுதலாம். 13 பைட் மிஞ்சும்!

நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன அப்பல்லோ கணினியில் மட்டும் பெரிய நினைவகமா இருந்தது? 1969இல் அதில் அழித்து எழுதக்கூடிய இடம் 2,048 'சொற்கள்'. ஒரு சொல் இரண்டு பைட் அளவு என்பதால், யூனோவைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நிரல் இருந்த 36,864 சொற்களும் கையால் பின்னப்பட்டவை! சின்னக் காந்த வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே போனால் 0. அமெரிக்காவில் ரேதியன் நிறுவனத் தொழிற்சாலையில் பெண்கள் ஊசியும் கம்பியுமாக உட்கார்ந்து அதைப் பின்னினார்கள்.

சரி, கையிலிருக்கும் போர்டில் எவ்வளவு மெமரி என்று பார்ப்பது எப்படி? யூனோவின் சிப்பில் ஒன்றல்ல, மூன்று மெமரி இருக்கிறது. நிரல் தங்கும் ஃபிளாஷ் 32 கிலோபைட், மின்சாரம் போனால் மறந்துவிடும் ரேம் 2 கிலோபைட், மின்சாரம் போனாலும் மறக்காத ஈஈப்ரோம் 1 கிலோபைட். ஆர்டுயினோ மென்பொருளில் வெற்று நிரல் ஒன்றை யூனோவுக்காகச் சரிபார்த்துப் பாருங்கள். அடியில் கறுப்புப் பெட்டியில் உச்ச அளவு 32,256 பைட் என்று வரும். 32 கிலோபைட் என்றால் 32,768 அல்லவா? மீதி 512 பைட் எங்கே? யூஎஸ்பி வழியாக உங்கள் நிரலை வாங்கி ஏற்றுகிற 'பூட்லோடர்' என்ற குட்டி நிரல் அங்கே குடியிருக்கிறது! பழைய நானோ போர்டில் அதுவே 2 கிலோபைட் பிடித்துக்கொண்டது. அதில் உங்களுக்குக் கிடைப்பது 30,720 மட்டும்.

அதே பெட்டியில் ரேம் கணக்கும் வரும். அதை முழுதாக நம்பிவிடாதீர்கள்! அது போர்டு ஓடத் தொடங்கும் முன் போட்ட கணக்கு. ஓடும்போது ரேமின் அடியிலிருந்து 'ஹீப்' மேலே வளர்கிறது, உச்சியிலிருந்து 'ஸ்டாக்' கீழே இறங்குகிறது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலான ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராகப் புறப்பட்ட இரண்டு ரயில்கள் மாதிரி. முட்டினால் போர்டு உறைந்து நிற்கும், இல்லையேல் தானாக மறுபடி தொடங்கும், அதுவும் இல்லையேல் திரையில் கிறுக்கெழுத்து வரும். பிழைச் செய்தி என்று எதுவும் வராது! அதனால், நிரலுக்குள்ளேயே அந்த இரண்டு முனைகளின் முகவரியை எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும் எண்தான் அந்த நொடியில் உண்மையாகக் காலியாக உள்ள ரேம். ஈஎஸ்பி32 போன்ற சிப்களில் அந்தத் தொல்லை குறைவு. காலி ஹீப் எவ்வளவு என்று ஒரே வரியில் கேட்டால் பதில் வந்துவிடும்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? முன்னேஸ்வரத்திலிருந்து சிலாபம் பக்கம் போய், அப்படியே கரையோரமாக வடக்கே உடப்பு வரை பாருங்கள், இறால் பண்ணைகள்! இறால் குளத்தில் கரைந்திருக்கும் ஒட்சிசன் இரவு முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்து, நீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரத்தைச் சுழலவிடும் வேலையை ஒரு குட்டி போர்டிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள், ரேம் முட்டி அது உறைந்துவிட்டது என்றால்? பொழுது விடிந்தபிறகு தெரிந்து பயனில்லை.

இன்னொன்று. அதே குளத்தின் ஒட்சிசன் அளவை நிமிடத்துக்கொரு தடவை ஈஈப்ரோமின் ஒரே கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும், தெரியுமா? ஒரு கட்டத்துக்குத் தயாரிப்பாளர் உறுதி சொல்வது 1,00,000 முறை எழுதுவதற்குத்தான். நாளுக்கு 1,440 நிமிடம் என்றால் எழுபது நாளுக்குள் அந்த உறுதி முடிந்துவிடும்! 1,024 கட்டங்களிலும் மாறிமாறி எழுதினால் அதே கணக்கு 194 ஆண்டு வரை நீளும். அதற்குள் உப்புக்காற்று போர்டைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

சிப்பே தன் அளவைச் சொல்லும் என்பது தெரியுமா? யூனோவின் சிப்பை விசாரித்தால் 1ஈ, 95, 0எஃப் என்று மூன்று எண் சொல்லும். நடு எண் 95 என்றால் ஃபிளாஷ் 32 கிலோபைட். 94 என்றால் 16. 93 என்றால் 8. புதிய ராஸ்பெரி பை போர்டுகளின் ஆறெழுத்துத் திருத்தக் குறியீட்டில் முதல் எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் 1 ஜிகாபைட், பி என்றால் 2, சி என்றால் 4, டி என்றால் 8! 'புளூ பில்' என்று விற்கப்படும் நீலப் போர்டோ வேடிக்கையானது. 64 கிலோபைட் என்று குறித்து விற்கும் பல சிப்களில் 128 கிலோபைட் வரை எழுத முடிகிறது! கிடைத்தது லாபம் என்று அதை நம்பி இறால் குளத்தில் வைக்காதீர்கள். தயாரிப்பாளர் பொறுப்பேற்காத இடம் அது.

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதையும் கேளுங்கள். 24சி32 என்ற மெமரிச் சிப்பில் உள்ள 32, கிலோபைட் அல்ல, கிலோபிட்! எட்டால் வகுத்தால் 4 கிலோபைட்தான். சந்தேகமா? முகவரி 0இல் ஓர் எண்ணை எழுதுங்கள், பிறகு முகவரி 4,096இல் வேறோர் எண்ணை எழுதுங்கள், திரும்பவும் 0ஐப் படியுங்கள். முதல் எண் மாறியிருந்தால் மெமரி 4,096க்கு மேல் இல்லை, முகவரி சுற்றித் திரும்பி வந்துவிட்டது!

கடைசியாக, முன்னேஸ்வரம் திருவிழா கிட்டத்தட்ட ஒரு மாதம் நடக்கிறதே, அதற்கு நிறம் மாறி ஓடும் புள்ளிவிளக்கு கட்ட ஆசைப்படும் தம்பி தங்கையருக்கு. ஒரு விளக்குக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட் ரேம் போகும். ஆயிரம் விளக்கு என்றால் 3,000. யூனோ தாங்காது. 8 கிலோபைட் உள்ள மெகா 2560ஓ ஈஎஸ்பி32ஓ வாங்குங்கள். கட்டுவதற்கு முதல்நாளே காலி ரேம் எவ்வளவு என்று ஒருதடவை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.