ஒரு கைக்கு ஏற்ற விசைப்பலகை

பக்கவாதத்தாலோ விபத்தாலோ பிறவியிலேயோ ஒரு கையை மட்டுமே பயன்படுத்தக்கூடியவர்கள் கணினியில் தட்டச்சு செய்ய முனையும்போது, எழுத்துகளைத் தேடி அழுத்துவதைக் காட்டிலும், கன்ட்ரோல், ஷிப்ட் போன்ற விசைகளை வேறொரு விசையுடன் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தவேண்டியிருப்பதே முதல் இடையூறாகிறது. இதற்கென விண்டோஸில் உள்ள ஸ்டிக்கி கீஸ் என்னும் வசதி, அவ்விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே சேர்த்து அழுத்தியதாக ஏற்றுக்கொள்கிறது. ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் தோன்றும் அறிவிப்பு இதனுடையதே. பலரும் அதைத் தொல்லையென்று எண்ணி மூடிவிடுகின்றனர்.

இரு கைகளாலும் தட்டச்சுப் பழகியபின் ஒரு கையை இழந்தவர்களுக்கு, பழைய பயிற்சி வீணாகாமலிருக்க வழி செய்தது எட்கர் மட்டையஸ் என்பவர் வடிவமைத்த அரைக்குவெர்ட்டி (Half-QWERTY) முறை. இதில், எடுத்துக்காட்டாக இடக்கை தன் பாதியில் வழக்கம்போல் இயங்க, இடைவெளி விசையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தவுடன் அதே விசைகள் வலப்பாதியின் கண்ணாடிப் பிம்பமாக மாறி, எஃப் விசை ஜே எழுத்தையும் டி விசை கே எழுத்தையும் தருகின்றன. வலது சுட்டுவிரல் அறிந்திருந்த வேலையை இடது சுட்டுவிரல் ஏற்பதால், மனம் புதிதாகக் கற்கவேண்டியது குறைவு. 1993இல் வெளியான ஆய்வில், 10 மணி நேரப் பயிற்சிக்குப் பின் பங்கேற்றோர் தம் இருகை வேகத்தில் 41 முதல் 73 விழுக்காட்டை எட்டினர்.

ஆகஸ்ட் டுவோராக் என்பவர் வகுத்த ஒருகை விசைப்பலகை அமைப்புகள் விண்டோஸில் விலையின்றிக் கிடைப்பினும், எழுத்துகளின் இடங்களை அடியோடு மாற்றுவதால், புதிதாகத் தொடங்குவோருக்கே அவை உகந்தவை.

தமிழில் நிலை சற்று வேறு. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் இருப்பது இரு கைகளும் மாறிமாறி இயங்க வசதியே எனினும், அகரம் நீங்கிய உயிர்மெய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் கை பலகையின் குறுக்கே சென்று மீளவேண்டியிருக்கிறது. கிரந்த எழுத்துகள் தவிர மற்றவற்றுக்கு ஷிப்ட் தேவைப்படாதது ஓர் ஆறுதல். ரோமன் எழுத்துவழித் தட்டச்சிலோ ண, ள, ற ஆகியவற்றுக்கே ஷிப்ட் வேண்டியிருப்பதால், ஸ்டிக்கி கீஸ் இன்றியமையாததாகிறது. கைபேசியில் விசைப்பலகையை ஒரு பக்கமாக ஒதுக்கும் ஒருகை முறையும் தமிழ்க் குரல் தட்டச்சும் ஜிபோர்டு செயலியில் உள்ளன. தனிக்கருவி வாங்க எண்ணுவோர், கையிலிருக்கும் கணினியிலும் கைபேசியிலும் ஏற்கெனவே உள்ள இவ்வசதிகளைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.