கை பட்டால் கர்சர் தாவுகிறதா?

லேப்டாப்பில் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது கட்டைவிரலின் அடிப்பகுதி டச்பேடில் லேசாக உரசினால் போதும். கர்சர் நான்கு வரி மேலே தாவிவிடும். அடுத்து அடிக்கும் சொற்கள் வேறொரு வாக்கியத்தின் நடுவே போய் விழும்.

லினக்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூன்று விரல்கள் சேர்ந்து பட்டால் அது மவுஸின் நடுப் பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு. அங்கே நடுப் பொத்தானின் வேலை, கடைசியாகத் தேர்வு செய்த எழுத்துகளை அப்படியே ஒட்டுவது. காப்பி கட்டளை கொடுத்திருக்கவே வேண்டாம். அலுவலகக் கோப்பில் குறித்து வைத்த வரி, யாருக்கோ எழுதும் செய்தியில் வந்து உட்கார்ந்துவிடலாம்.

இன்றைய லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் டச்பேடைக் கவனித்துக்கொள்வது லிப்இன்புட் என்ற நிரல் நூலகம். ரெட் ஹேட் நிறுவனப் பொறியாளர் பீட்டர் ஹட்டரர் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் இதன் 1.0 பதிப்பு 2015இல் வந்தது. ஒரு விசையை அழுத்தியதும் சுமார் 200 மில்லிவிநாடிக்கு அது டச்பேடை உறங்க வைக்கிறது. தொடர்ந்து தட்டச்சு செய்தால் 500 மில்லிவிநாடி. கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்ற விசைகளுக்கு இது பொருந்தாது. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே கிளிக் செய்ய வேண்டியிருக்குமே! விளிம்பில் படும் தொடுதலையும், அகலமாக அழுந்தும் உள்ளங்கையையும் அது தனியே அடையாளம் காணப் பார்க்கிறது.

அப்படியிருந்தும் கர்சர் தாவுகிறதென்றால், விசைகளை மாற்றியமைக்கும் கீடி போன்ற கருவி ஏதாவது நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய கருவி கற்பனையாக ஒரு கீபோர்டை உருவாக்குகிறது. அது லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டுதான் என்பது லிப்இன்புட்டுக்குத் தெரியாததால், டச்பேடை உறங்க வைப்பதில்லை. 'இது உள் கீபோர்டு' என்று லிப்இன்புட்டின் விதிவிலக்குக் கோப்பில் குறிப்பிட்டுவிட்டால் சிக்கல் தீரும். யூஎஸ்பியில் செருகும் கீபோர்டுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதோடு மவுஸும் வைத்திருப்பவர்கள், மவுஸ் இணைந்திருக்கும்வரை டச்பேட் அணைந்திருக்குமாறு க்னோம் திரைச்சூழலில் டீகான்ஃப் எடிட்டர் என்ற அமைப்புக் கருவி வழியாக அமைத்துக்கொள்ளலாம்.

எதையும் நிறுவாமல் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது. பலருக்கும் அதுவே போதும். க்னோம், கேடிஇ ஆகிய இரு திரைச்சூழல்களிலும் அமைப்புகளில் டச்பேட் பகுதிக்குப் போய், தட்டினால் கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள். லிப்இன்புட் தன்னளவில் அதை அணைத்தே வைத்திருக்கிறது. ஆனால் க்னோம் 2024இல் வந்த 46ஆம் பதிப்பிலிருந்து அதை முன்கூட்டியே இயக்கித் தருகிறது. அணைத்த பிறகும் டச்பேடை அழுத்திக் கிளிக் செய்யலாம்.