முதல் நர்ஸ் வேலையும் பயண நேரமும்

நர்ஸிங் முடித்த நம் பிள்ளைகளுக்கு வேலை வந்ததும் பெற்றோர் சம்பளத்தைக் கேட்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து வார்டு வரை எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள் என்கிறோம்.

மாமல்லபுரத்தில் ரயில் நிலையம் இல்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். தாம்பரத்தில் வேலை என்றால், ரயிலில் போக விரும்பினால் செங்கல்பட்டு போய் மின்சார ரயில் பிடிக்கலாம். பகலில் இது பெரிதல்ல. இரவு ஷிப்ட் முடிந்து, அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் பஸ் உண்டா என்பதே கேள்வி.

போக 2 மணி, வர 2 மணி என்றால் 26 வேலை நாட்களில் 104 மணி நேரம். அது 13 எட்டு மணி ஷிப்டுகளுக்குச் சமம். தூக்கம் குறைந்தால் கவனம் சிதறும். மருந்து கொடுக்கும் கைக்கு அது ஆகாது. 2021 மே முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் செலவு குறையும், நேரம் குறையாது.

ஆகவே சேருமுன் ஒரு நாள் அதே ஷிப்ட் நேரத்தில் மகளுடன் போய் வந்து பாருங்கள். பெண்கள் விடுதி, இரவு வண்டி உண்டா, ஷிப்ட் அட்டவணை எத்தனை நாள் முன்பே தருவார்கள் என்று விசாரியுங்கள்.

தூரம் என்ற ஒன்றுக்காக வேலையை மறுத்துவிடாதீர்கள். பெரிய மருத்துவமனையின் முதல் ஓராண்டு அனுபவம் வாழ்நாள் முழுதும் உதவும். விடுதியில் தங்கியாவது அதைப் பெறட்டும். பிறகு வீட்டருகே வேலை தேடலாம், இன்ஷா அல்லாஹ்.